ஏறிய எடை

அன்புள்ள ஜெயராஜுக்கு,

உன் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. எதையும் வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். இந்த வயதில், இந்த மனநிலையில், வரிசை தவறினால் முக்கியமான ஒன்றை விட்டுவிடுவேனோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஆகவே சொல்ல வேண்டியவற்றை முதலில் குறித்துக்கொள்கிறேன். நேரம் இல்லாவிட்டால் ஐந்தாவதை முதலில் படி.

1. நேற்று உனக்குத் தந்தி கொடுத்ததன் காரணம்.
2. புளியில் தண்ணீர் இருப்பதைக் கண்டுபிடிக்கும் முறை.
3. உன் அம்மாவுக்கு ஏற்றிய சிவப்பு மருந்தும், அது அவள் இதயத்துக்குச் செய்ததும்.
4. உன் அம்மா தன் மூச்சுத் திணறலை யாரிடமும் சொல்லாமல் மறைத்தது.
5. எப்சிபா விஷயத்தில் இன்றிலிருந்து நீ பார்க்க வேண்டியவை.

ஆறாவதாக என்னைப் பற்றி ஒன்று எழுத நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனதும் உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். நீ எழுதியதை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன். "ஐந்தாவது ஊசிக்குப் பிறகு எப்சிபா இரண்டரைக் கிலோ ஏறியிருக்கிறாள் அப்பா. நீங்கள் அம்மாவுக்குப் போட்ட மாதிரியே நானும் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். முகம்கூடக் கொஞ்சம் உப்பி, கல்யாணத்தில் இருந்த மாதிரி இருக்கிறாள். மாடிப்படி ஏறத்தான் சோம்பல். மூன்று மாடிக்கு இரண்டு தடவை உட்கார்ந்து வருகிறாள். ஊசியின் களைப்பு என்று நினைக்கிறேன். அம்மா மாதிரி இவள் எதையும் மறைக்க மாட்டாள், அதுதான் எனக்கு தைரியம்." இதை நீ மகிழ்ச்சியோடு எழுதியிருந்தாய். படித்து முடித்தும் நான் உள்ளே போகவில்லை. அங்கேயே நின்று இன்னொரு தடவை படித்தேன். இதே வரிகளை நானும் எழுதியிருக்கிறேன், உனக்கே எழுதியிருக்கிறேன். பழைய கடிதங்களை நீ வைத்திருந்தால் எடுத்துப் பார். அம்மாவின் எடை ஏறியிருக்கிறது, கவலைப்படாதே என்று பம்பாய்க்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறேன்.

நேற்றுக் காலை புறப்படும் முதல் ஜீப்பில் மலையிலிருந்து திருப்பத்தூர் இறங்கினேன். முதலில் உன் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிறகு லைன் கிடைத்தது. எடுத்தவர் இந்தியில் வேகமாக ஏதோ கேட்டார். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்று இந்த மலையில் பெயர். அந்த நேரத்தில் ஒரு வாக்கியமும் வரவில்லை. "தேங்க் யூ" என்று சொல்லி வைத்துவிட்டேன். மருமகளின் உயிரைப் பற்றிப் பேசப் போனவன், முகம் தெரியாத ஒருவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பிறகுதான் தந்தி. அடுத்த ஊசிக்கு முன் இதயத்தைப் பரிசோதிக்கச் சொல், எடையை நம்பாதே, கடிதம் வருகிறது என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் வார்த்தைகளை எண்ணிக்கொண்டே, "எடையை நம்பாதேன்னா இன்னா சார்? புளி யாபாரமா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். "இந்த வருசம் எப்பிடி சார் காய்ப்பு?" என்றார். அதற்கும் ஒரு பதில் சொன்னேன்.

தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, எதையோ நினைத்துக்கொண்டு உளறுகிறார் என்று நீ அதை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கடிதம். இன்று வியாழன். ஆறாவது ஊசி வரும் செவ்வாய் என்று எழுதியிருக்கிறாய். இங்கிருந்து பம்பாய்க்குக் கடிதம் ஐந்து நாளிலும் வரும், ஒன்பது நாளிலும் வரும். செவ்வாய் கடந்த பிறகு நீ இதைப் படிக்கலாம். அப்படியானால் அதற்கு அடுத்த ஊசிக்காவது இது உதவட்டும். உதவும் என்ற நம்பிக்கையில் எழுதவில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இனி புளி. இருபத்திரண்டு வருடம் நான் புதூர்நாட்டுச் சொசைட்டியில் மலைக்காரர்களின் புளியை நிறுத்து வாங்கினேன். நீ அந்த வாசனையில் வளர்ந்தவன். ஆனால் அந்த வேலையின் நுட்பத்தை உனக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை. நீ படித்து வெளியே போக வேண்டும் என்று நினைத்தேன். தண்ணீர் தெளித்த புளி எடை கூடும். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மேலே இருக்கும் புளியை நம்பக் கூடாது, மூட்டையின் வயிற்றுக்குள் கை விட வேண்டும். கட்டைவிரலை ஊன்றி, ஐந்து எண்ணும்வரை அழுத்திவிட்டு எடுக்க வேண்டும். காய்ந்த புளி விரலை எதிர்த்து நிற்கும், விட்டதும் தன்னிடத்துக்குத் திரும்பப் பார்க்கும். நனைந்த புளியில் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கும், அதன் ஓரம் மினுங்கும். தராசில் முள் நேராக நின்றாலும், அழுத்திப் பார்க்காமல் எழுதாதே என்று புதிதாக வந்த குமாஸ்தாக்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஒரு தடவை சடையன் என்ற மேல்மலை விவசாயி கொண்டுவந்த மூட்டையை அப்படித்தான் திருப்பி அனுப்பினேன். "சார், பனி பேஞ்சிகீது. நான் இன்னா, கொடம் வெச்சி ஊத்தனனா?" என்று கேட்டார். பனி மேலே அல்லவா இருக்கும், இது அடியில் இருக்கிறதே என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களிடம், "சாருக்குக் கட்ட வெரல்ல ஒரு கண்ணு கீதுப்பா. நம்ப பாச்சா பலிக்காது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மூட்டையைப் பிரித்துப் பாறையில் காயவைக்கப் போனார். அந்தப் பேச்சு மலை முழுவதும் பரவியது. உன் அம்மா வேலை பார்த்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைக்கும் தெரியும். எனக்கு உள்ளுக்குள் அதில் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புற்றுக்காக உன் அம்மாவின் மார்பை எடுத்தபோது நீ வந்து பத்து நாள் மெட்ராஸில் கூட இருந்தாய். அதன் பிறகு நடந்த எதையும் நீ பார்க்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, மொத்தம் எட்டு என்று சொன்னார்கள். வாரா வாரம் எடையை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். மனிதரை நிறுக்கும் தராசு அப்போது நம் பக்கத்தில் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் சொசைட்டியை மூடிய பிறகு, மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் உன் அம்மாவை நிறுத்தி, குண்டை நகர்த்தி நிறுப்பேன். முதல் ஊசியின்போது நாற்பத்தாறு. மூன்றாவது ஊசிக்குப் பிறகு நாற்பத்தொன்று. சாமைக் கஞ்சி கூட வயிற்றில் நிற்காத நாட்கள் அவை. ஐந்தாவதுக்குப் பிறகு நாற்பத்திரண்டரை ஆயிற்று. பிறகு நாற்பத்து நான்கு. ஆறாவது ஊசி முடிந்த மூன்றாம் சனிக்கிழமை முள் நாற்பத்தேழில் நின்றது. நோய் வந்த நாளிலிருந்து அவள் அவ்வளவு இருந்ததில்லை. நான் அந்த எண்ணைச் சத்தமாகப் படித்தேன்.

உன் அம்மா இறங்கவில்லை. மேடை மேலேயே நின்றுகொண்டு, "சடையன் மூட்டையா இருந்தா அழுத்திப் பாத்துட்டுதான எழுதுவீங்க? பொண்டாட்டின்னா அப்பிடியே எழுதிக்கிறீங்களே" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். தராசின் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் கீழே கால் வைத்தாள். மறுநாள் ஞாயிறு ஆராதனையில், சாட்சி சொல்லும் நேரத்தில், வாழ்நாளில் முதல்முறையாக நான் எழுந்து நின்றேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன், என் மனைவியின் எடை ஆறு கிலோ ஏறியிருக்கிறது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொன்னேன். சபையார் எல்லாரும் ஆமென் என்றார்கள். உன் அம்மா பெண்கள் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளும் சொல்லியிருப்பாள்.

மருந்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன். நான் டாக்டர் அல்ல. தவறாக இருந்தால் அங்கே கேட்டுத் திருத்திக்கொள். மருந்தின் பெயர் டாக்சோரூபிசின். நர்சுகள் அதைச் சிவப்பு மருந்து என்றுதான் சொன்னார்கள். எப்சிபாவுக்கும் அதுதான் என்று உன் இரண்டாவது கடிதத்திலேயே தெரிந்துகொண்டேன். அப்போதே நான் எழுதியிருக்க வேண்டும். பயமுறுத்தக் கூடாது, இப்போதெல்லாம் முறைகள் மாறியிருக்கும், பம்பாயில் பெரிய டாக்டர்கள் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊசி போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். முதல் தடவை அதை ரத்தம் என்று நினைத்து நான் வெலவெலத்துப் போனேன். டாக்டர் முன்பே சொன்னதை நினைவுபடுத்தி எனக்குத் தைரியம் சொன்னது உன் அம்மாதான்.

முதல் ஊசிக்கு முன்னாலேயே பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து விளக்கினார். இது புற்றைக் கொல்லும், ஆனால் இதயத்தின் தசையையும் தொடும். ஒரு ஆளுக்கு வாழ்நாளில் இவ்வளவுதான் என்று ஒரு மொத்த அளவு இருக்கிறது, அதைத் தாண்ட மாட்டோம். அந்த அளவுக்குள்ளேயே சிலருக்கு இதயம் தளர்ந்துபோகும். யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல எங்களுக்கு வழி தெரியாது. வீட்டில் பார்ப்பது நீங்கள்தான். நடந்தால் மூச்சு வாங்கினால், கால் வீங்கினால், மல்லாந்து படுக்க முடியாவிட்டால் உடனே எங்களிடம் சொல்லுங்கள், மருந்தை நிறுத்திவிட்டு யோசிப்போம். இதை அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஏழாவது ஊசிக்குப் போனபோது அவர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். கோடு போட்டு, தேதி, எடை, காய்ச்சல், ஊசி, குறிப்பு என்று பிரித்திருந்தேன். "இப்படி எழுதிக்கிட்டு வர்றவங்க யாருமே இல்ல சார்" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த சின்ன டாக்டரிடமும் காட்டினார். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பிறகு உன் அம்மாவைப் பார்த்து, "நடந்தா மூச்சு வாங்குதாம்மா?" என்றார். "இல்லைங்க சார், நல்லா இருக்கா. எடை ஏறியிருக்கு" என்று நான் சொன்னேன். அவர் கேட்டது அவளை. பதில் சொன்னது நான். உன் அம்மா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, ஊசி போடும் அறைக்கு எழுந்து போனாள். வெளியே வராந்தாவில் நிற்க இடமில்லாமல் ஜனம் காத்திருந்தது.

அந்த ஊசி போட்ட பத்தாவது நாள் அவளால் படுக்கவே முடியவில்லை. ஜீப்பில் ஜோலார்பேட்டை வரை முன் சீட்டில் நிமிர்த்தி உட்காரவைத்தே கொண்டுபோனேன். ரயிலிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். நான் நோட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. உன் அம்மாவின் சேலையைக் கணுக்காலுக்கு மேல் விலக்கி, கட்டைவிரலை எலும்பின் மேல் ஊன்றி, கொஞ்ச நேரம் அழுத்திவிட்டு எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. ஓரம் மினுங்கியது. "சார், இது சதை இல்ல, தண்ணி" என்றார். நான் சடையனிடம் பேசிய அதே குரலில் அவர் என்னிடம் பேசினார். எக்ஸ்ரேயில் இதயம் நெஞ்சின் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. அது ரத்தத்தைத் தள்ளும் பலத்தை இழந்துவிட்டது, அதனால் நீர் உடம்பில் தேங்குகிறது, போன பலம் பெரும்பாலும் திரும்பாது என்றார்கள். நீர் போக மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் எடை முப்பத்தெட்டுக்கு இறங்கி நின்றது. அதுதான் அவளுடைய நிஜமான எடை. ஸ்தோத்திரம் சொன்ன அன்றும் அவள் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்திருப்பாள். மீதியெல்லாம் தண்ணீர்.

அதன் பிறகு ஏழு வாரம் இருந்தாள். உனக்கு நான் எழுதியது, கொஞ்சம் நீர் சேர்ந்திருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும்தான். புதிய வேலை, லீவு கிடைக்காது, வந்தாலும் என்ன செய்யப் போகிறாய் என்று நினைத்தேன். சுருக்கமாகச் சொன்னால் பயந்தேன். புற்று திரும்பி வரவே இல்லை. கடைசித் தடவை பார்த்தபோதும் டாக்டர் அதைச் சொன்னார். உன் அம்மா அவருக்கு நன்றி சொன்னாள்.

நான்காவதாகக் குறித்ததை எழுத இவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன். உன் அம்மா எதையும் வெளியே காட்டாதவள். ஆறாவது ஊசி சமயத்தில், பள்ளிக்கூடத்துக்குப் போகும் மேட்டில், பாதி வழியில் இருக்கும் பலா மரத்தடியில் நிற்க ஆரம்பித்தாள். பிள்ளைகளை முன்னால் ஓடச் சொல்லிவிட்டு மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் என்ன என்று கேட்டதற்கு, "எத்தினி காய்னு எண்றேங்க. போன வருசத்துக்கு இப்ப கம்மி" என்றாள். நானும் நிமிர்ந்து காய்களைப் பார்த்தேன். நீ வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. என்ன ஆயிற்று என்று நீ கேட்டாய். மூச்சு முட்டியிருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள், தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது என்று நான் சொன்னேன். நீ கல்லறைக்குப் போய், அந்த ஈர மண்ணைப் பார்த்து, "இன்னாத்துக்குமா சொல்லாம இருந்த? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்து இட்டும்போயிருக்க மாட்டனா?" என்று கத்தினாய். நான் உனக்குப் பின்னால் நின்றிருந்தேன். உன் கல்யாணத்தன்றுகூட, மோதிரம் போட்ட பிறகு, எப்சிபாவிடம் நீ முதலில் கேட்டது அதுதான் என்று அவளே என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். "எங்க அம்மா மாதிரி மறைக்காத. எதுவா இருந்தாலும் சொல்லிடுன்னார் மாமா. நான் வாயாடி, இவருக்குத் தெரியல" என்றாள்.

இப்போது ஐந்தாவது. உனக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, வேலைகளைத்தான் சொல்ல முடியும். எப்சிபாவின் எடை ஏறினால் சந்தோஷப்படாதே. சாப்பாடு கூடாமல் எடை கூடினால் அது சதை அல்ல. சாயங்காலத்தில் அவளை உட்காரவைத்து, கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலை வைத்து ஐந்து எண்ணும்வரை அழுத்திப் பார். படுக்க எத்தனை தலையணை வைத்துக்கொள்கிறாள் என்று பார். போன மாதம் எத்தனை என்று கேள். மாடிப்படியில் உட்கார்ந்தால் எந்தப் படியில் உட்கார்ந்தாள் என்று எழுதி வை. ஏனென்றால் உட்காரும் படி நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டே வரும். இதுவரை ஏறிய மருந்தின் மொத்த அளவு எவ்வளவு, இன்னும் எவ்வளவு மீதி என்று டாக்டரிடம் கேள். கேட்க வெட்கப்படாதே. அந்த வெட்கம் உனக்கு என்னிடமிருந்து வந்திருக்கும். இப்போது இதயம் சுருங்கி விரிவதைத் திரையில் பார்க்கும் கருவி வந்திருக்கிறது என்று பத்திரிகையில் படித்தேன். அது அங்கே இருந்தால் செய்யச் சொல். எல்லாவற்றுக்கும் மேலாக, டாக்டர் அவளைக் கேட்டால் நீ பதில் சொல்லாதே. அறையைவிட்டு வெளியே போய் நில், அதுதான் நல்லது.

மருந்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. மெட்ராஸில் பக்கத்துப் படுக்கையில் கலசப்பாக்கத்துக்காரி ஒருத்தி இருந்தாள். இதயம் கெட்டுப்போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டாவது ஊசிக்கு மேல் மறுத்துவிட்டாள். அவள் இதயம் கடைசிவரை நன்றாகவே இருந்தது. உன் அம்மாவுக்கு இரண்டு மாதம் முன்னால் அவள் போனாள். ஆகவே எந்தப் பக்கம் போனாலும் நல்ல முடிவு இருக்கிறது என்று உன்னிடம் சொல்ல என்னால் முடியாது. ஐந்து ஊசி ஏறிவிட்டது. முகம் உப்பியிருக்கிறது, படியில் உட்காருகிறாள். தந்தி சரியான நேரத்தில் கிடைத்து, டாக்டர் பார்த்து, மருந்தை நிறுத்தினாலும், ஆனது ஆனதுதான், மேலும் ஆகாமல் இருக்கலாம் என்பதைத் தவிர நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. அந்த மருந்து இல்லாமல் புற்று என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியாது.

உன் அம்மாவின் எடைகளை உனக்குத் தவறில்லாமல் எழுத வேண்டும் என்பதற்காக இன்று மத்தியானம் அந்தப் பழைய நோட்டை எட்டு வருடம் கழித்துப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மேலே எழுதிய எண்கள் எல்லாம் அதைப் பார்த்து எழுதியவை. எண்களை மட்டும் பார்த்து எழுதினேன். ஐந்தாவதை எழுதி முடித்த பிறகு, ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று ஆரம்பத்திலிருந்து புரட்டியபோதுதான் கடைசிப் பத்தியை, 'குறிப்பு' என்று நான் கோடு போட்டு ஒதுக்கிய இடத்தைப் படித்தேன். ஆறாவது ஊசியை ஒட்டிய ஒரு நாளில் இப்படி இருக்கிறது: "பலா மரத்தடியில் நின்றாள். மேடு ஏற முடியவில்லை, மூச்சு நிற்கிறது என்கிறாள். பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம்." அடுத்த வாரம்: "படுத்தால் நெஞ்சை அடைக்கிறதாம். இன்னொரு தலையணை கேட்டாள், கொடுத்தேன். காற்று மாறியிருக்கிறது." அதற்கடுத்து, நாற்பத்தேழு கிலோவுக்கு நேரே, "ஸ்தோத்திரம்" என்ற ஒரு சொல் மட்டும். தராசின் மேல் நின்று, அழுத்திப் பார்க்கச் சொல்லி அவள் கேட்டதை நான் எழுதவில்லை.

என் கையெழுத்துதான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு காரணத்தையும் நானே எழுதிவைத்திருக்கிறேன். அதைப் படித்ததும் அந்த மேடு முழுவதும் ஞாபகத்துக்கு வந்தது. முதலில் அவள் மூச்சு நிற்கிறது என்றாள். நேரமாகிறது, வா என்று நான் இரண்டடி முன்னால் போனேன். திரும்பி என்ன என்று கேட்டபோதுதான் காய்களை எண்ணுகிறேன் என்றாள். இரண்டாவதாகச் சொன்னதை மட்டும் நான் இத்தனை வருடம் வைத்துக்கொண்டேன். எட்டில் இரண்டுதான் மீதி இருக்கும்போது நிறுத்திவிடுவார்களோ, கணக்கு முடியாமல் போய்விடுமோ என்றும் அப்போது எனக்குள் ஒரு எண்ணம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

நான்காவதாக நான் குறித்தது தவறு, ஜெயராஜ். எட்டு வருடம் சொல்லிச் சொல்லி, இன்றும் பேனா அதைத் தானாகவே எழுதிவிட்டது. அந்த வரியை அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்று நினைத்தேன். நீ அதைப் பார்க்க வேண்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன். உன் அம்மா மறைக்கவில்லை. அவள் மூன்று தடவை சொன்னாள். என்னிடம்தான் சொன்னாள்.

அப்பா